ஏழாம் ஓடு

பிர்கத் அல் மௌஸ் வாய்க்காலில்
பன்னிரண்டு ஓடுகளை இறக்கினோம்.
யார் வீட்டுக் குளியலறைக்கோ வாங்கி மிஞ்சியவை,
வெள்ளை வெளேரென்று.
ஆறுக்கு மட்டும் விளிம்பில் வாஸ்லின் பூசினேன்,
நத்தை ஏறாதிருக்க.

நஸ்ரா ஆய்வுப் பட்டத்துக்கு எழுதுகிறாள்.
அவளுக்கு வண்டி ஓட்டுவது நான்.
விசாவில் போட்டிருப்பது கிளீனர்.
எண்ணுவதும் நான்தான்:
பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்து
மக்ரிப் பாங்குக்குப் பிறகு
திருகாணி திருகாணியாய்க் கிளம்பி வருபவற்றை
டார்ச் வெளிச்சத்தில், ஓட்டுக்கு இத்தனை என்று.

அநேகமாய் எல்லாம் பெண்.
நாக்கு முழுக்கப் பல்.
லென்ஸில் பார்த்தபோது
தேங்காய்த் துருவி ஞாபகம் வந்தது.

மூன்றாம் வாரம்
வேலி போட்ட ஓடுகளில் விரல் நீளத்துக்குப் பச்சைக் கூந்தல்,
நீரோட்டத்தில் அலைந்து அலைந்து.
அழகுதான். அடியில் அழுகல்.
ஒரு கொத்து பிய்த்துக்கொண்டு போய்
கல்ஃபானின் மடையை அடைத்தது.
அவருக்கு முறை அரைமணி நேரம்.
அதில் ஆறு நிமிடத்தைப் பாசி தின்றுவிட்டதாக
என்னிடம்தான் கத்தினார்.

நத்தை மேய்ந்த ஓடுகளோ
கழுவி வைத்தாற்போல் இருந்தன.
விரலால் தொட்டேன். வழுக்கியது.
கண்ணுக்குத் தெரியாத பொன்னிறத் தோல் ஒன்று
சுரண்டச் சுரண்ட
அவசர அவசரமாய் வளர்ந்துகொண்டிருந்தது.
கூந்தலைவிட இதற்குத்தான் மூச்சு அதிகம் என்றாள் நஸ்ரா,
ஆக்சிஜன் மீட்டரைக் காட்டி.

மே இருபத்துநான்கு. நாற்பத்தேழு டிகிரி.
வாஸ்லின் இளகிவிட்டது.
ஒரே ஒரு நத்தை, ராவோடு ராவாய்
ஏழாம் ஓட்டில் ஏறி
கூந்தலுக்கு நடுவே வகிடு எடுத்திருந்தது,
கோணலாக, என் கையெழுத்துப் போல.

ஏழு இனிக் கணக்கில் வராது, அடித்துவிடு என்றாள்.
அவள் சொன்னது எண்ணை.
"ஏழை அடித்துவிடு" என்று
தமிழில்தான் விழுந்தது எனக்கு.
சிரித்தேன். ஏன் என்று கேட்டாள்.
வெயில் என்றேன்.

அடித்தேன், சிவப்பு மையில்.
நத்தையை மட்டும்
தயிர் டப்பாவில் போட்டு அறைக்கு எடுத்து வந்தேன்.
மறுநாள் டப்பா அடியில் அரிசிக் குருணையாய் அதன் எச்சம்.
நத்தையை வாய்க்காலில் விட்டுவிட்டு
டப்பாவை ஜன்னலோரம் வைத்தேன்.

ஐந்தாம் நாள்
எச்சத்தைச் சுற்றி மெல்லிய பச்சை.
தின்று, அரைத்து, குடல் முழுக்கக் கடந்து
அதற்குப் பிறகும்.

நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
கூட இருக்கும் ஜெபமணி
தயிர் கெட்டுவிட்டது என்று சொல்லி
டப்பாவைக் கழுவப் போனான்.
இருடா, என்றேன்.