திங்கள் இல்லாத வாரம்

சாண்டியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
போகப் பதிமூன்று மணி நேரம்,
வரப் பதினொன்று.
அதே கடல், அதே தூரம்.
காற்றுக்கு ஓரவஞ்சனை, அவ்வளவுதான்.

விமானங்களுக்கு வழி எழுதித் தருவது என் வேலை.
பதினோரு வருடம்.
ஏறியதில்லை.

வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக்
கோடு போடுகிறவர்களைப் பார்த்தால்
நிபால்தோ சிரிப்பான்.
உருண்டையின் மேல் நேராகப் போவதென்றால்
தெற்கே, பனியின் பக்கம்
வில்லாக வளைந்தாக வேண்டும்.
நடுவில் இறங்க மண் கிடையாது.
அதனால் கூடுதல் எரிபொருள்.
அந்தக் கூடுதலைச் சுமக்க
இன்னும் கொஞ்சம் எரிபொருள்.
புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது பிடிபட
ஒரு வாரம் ஆகும்.
எனக்கு ஒரு விவாகரத்து ஆயிற்று.

ரயேன் தன் அம்மாவோடு அங்கே போய் மூன்று வருடம்.
போனில் அவள் எப்போதும் நாளைக்கு இருக்கிறாள்.
"பல் விழுந்துடுச்சுப்பா, இன்னிக்குக் காலையில"
என்றாள் ஒரு சனிக்கிழமை.
எனக்கு இன்னும் வெள்ளி.
இனிமேல் விழப்போகிற பல்லுக்காக
அலுவலக மாடிப்படியில் நின்று
கைதட்டினேன்.

ஜூனில் டிக்கெட் எடுத்தேன். 41கே, ஜன்னல்.
ஞாயிறு இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி
செவ்வாய் விடியுமுன் இறங்கினேன்.
அந்த வாரத்தில் எனக்குத் திங்கள் இல்லை.
இறக்கைக்கு மேலே மட்டும் ஒரு திங்கள்
டிக்கெட் இல்லாமல்
கடைசிவரை கூட வந்தது.

எதிர்த் திரையில் மீதித் தூரம் கரைந்துகொண்டிருந்தது.
நிபால்தோ எழுதிய வழி.
இரண்டு டன் அதிகமாக ஏற்றியிருந்தான்,
தேவையே இல்லை.
பிறகு கேட்டதற்கு
"உள்ளே நீ இருந்தாயே" என்றான்,
தலை நிமிராமல்.

வருகை வாயிலில் நெடுநெடுவென்று ஒரு பெண்.
அவளைத் தாண்டி ரயேனைத் தேடினேன்.
அவள்தான்.
அந்தக் கடைசி நாலு மீட்டருக்கு
யாரும் வழி எழுதித் தந்திருக்கவில்லை.
பெட்டி வேறு குறுக்கே.

பன்னிரண்டு நாள்.
அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.
மழை பெய்தது. பான்கேக் தீய்ந்தது.
அவளுக்கு என் ஸ்பானிஷ்
கொஞ்சம் வேகமாக இருந்தது.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு
ஆக்லாந்தில் விடைபெற்றேன்.
அதே ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு
சாண்டியாகோவில் இறங்கினேன்.
இதை ஆயிரம் தடவை
கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
ஒரு தடவையும் படித்ததில்லை.

வீட்டுச் சுவரில் மணி இப்போது மூன்று.
இந்தக் கடிகாரப்படி
நான் அவளிடம் இன்னும் விடைபெறவில்லை.
இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

கோட்டைக் கழற்றாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.