பதினொரு விநாடி

பஞ்சிகாவத்தையில் இல்ஹாம் நானாவின் கடையில்
பகல் பன்னிரண்டுக்கும் டியூப்லைட் எரியும்.
ஜப்பான் பத்திரிகையில் சுற்றிய இரண்டு டர்போக்களை
மீனைப் போல மேசையில் வைத்தார்.
"சின்னது ஒண்ணேகால் லட்சம், பெரியது இரண்டரை.
விலை பேசாதீங்க மகள், வெயில் கூட."

நான் விலை பேசவில்லை. வெர்னியரை எடுத்தேன்.

சின்னதன் சக்கரம்: வாய் நாற்பத்தைந்து மில்லிமீற்றர்,
இடுப்பு அறுபது.
பெரியது: வாய் ஐம்பத்துநான்கு,
இடுப்பு எழுபத்தொன்று.
வாயை இடுப்பால் வகுத்து,
வந்ததை அதனாலேயே பெருக்கி, நூறால் ஏற்றினால்
இதற்கு ஐம்பத்தாறு, அதற்கு ஐம்பத்தெட்டு.
ட்ரிம் என்போம் இதை.
ஒரே முகவெட்டு. அக்காள் தங்கை என்று நம்பலாம்.

பசிதான் வேறு.
தங்கை நிமிடத்துக்குப் பதினெட்டு கிலோ காற்றுத் தின்பாள்,
அக்காளுக்கு இருபத்தாறு.
அதுவும் கொழும்புக் காற்று:
முப்பத்துமூன்று பாகை,
பாதி கடல், பாதி பஸ் புகை.

அன்ரன் ஜெறோம் அக்காளையே பார்த்துக்கொண்டு நின்றான்.
வங்கியில் கடன் பிரிவு.
டையைக் கழற்றிச் சட்டைப்பையில் மடித்திருந்தான்.
வெள்ளை லான்சர், இரண்டு லீற்றர்,
இன்னும் பன்னிரண்டு தவணை.

விரலால் தண்டை அசைத்தேன். பக்கவாட்டில் ஒரு மயிரளவு,
முன்பின்னாக ஒன்றுமில்லை. நல்லது.
பெரியதன் ஓர் இதழில் மட்டும்
எலி கடித்ததுபோல் சின்னக் கீறல்.
அதைச் சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

மடிக்கணினியில் இரண்டின் படங்களையும் விரித்தேன்.
கோட்டுக்குள் கோடு, நடுவே ஒரு தீவு.
அங்கே நின்றால் காற்று அதிகம் சூடேறாது.
இடப்பக்கக் கரையைத் தாண்டினால்
தள்ளிய காற்றே திரும்பி வந்து சக்கரத்தில் அறையும்.
வலப்பக்கம் மூச்சு முட்டும்.
"தீவுல இருந்துகொண்டு தீவு தேடுறீங்க,"
என்றார் இல்ஹாம் நானா, பிளேன்ரீயை உறிஞ்சியபடி.

போன கிழமை லான்சரில் ஒரு பதிவுப்பெட்டி செருகியிருந்தேன்.
வெள்ளவத்தையிலிருந்து கோட்டை, கோட்டையிலிருந்து வெள்ளவத்தை,
ஏழு நாள்.
"பெரியது நாலாயிரத்து அறுநூறு சுற்றுக்குக் கீழே வெறும் இரும்பு.
நீங்கள் அதற்கு மேலே போனது
கிழமை முழுக்கப் பதினொரு விநாடி.
ஏழு, ஞாயிறு விடிய மரைன் டிரைவில்.
நாலு, பம்பலப்பிட்டியில் ஒரு திரீவீலரோடு கோபம்."

அவன் திரையைப் பார்த்தான்.
நான் சின்னதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பதினொண்டா?" என்றான்.
"ஆறுதான் இருக்குமெண்டு நினைச்சன் அக்கா."
காசை எண்ணத் தொடங்கினான்,
இரண்டரைக்கு.

சனிக்கிழமை பூட்டினேன்.
ஞாயிறு ஐந்து மணி, நான் பக்கத்து இருக்கையில்.
மூன்றாம் கியர். மிதித்தான்.

ஒன்றுமில்லை.
தண்டவாளத்துக்கு அப்பால் கடல் கேட்டது.
இன்னும் ஒன்றுமில்லை.
நான் மீற்றரைப் பார்த்தேன்; அவன் பார்க்கவில்லை,
வாயை இலேசாகத் திறந்து
தும்மல் வருமுன் இருப்பவனைப் போல இருந்தான்.

பிறகு வந்தது.
என் தலை இருக்கையில் ஒட்டியது, கோப்பு மடியிலிருந்து விழுந்தது,
அபார்ட்மென்ட் விளக்குகள் ஒரே கோடாயின.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்,
அதற்குள் பாதை முடிந்துவிட்டது.

காலி வீதிக்கு ஏறினோம். சிவப்பு விளக்கு.
ஆளில்லாச் சந்தி, ஆனாலும் நின்றோம்.
பக்கத்தில் நூறாம் இலக்க பஸ்.
முன்கதவில் தொங்கிய கொண்டக்டர்
எங்கள் போனட்டின் இரைச்சலுக்குக் காதைத் திருப்பி
கையாலே கேட்டான்: என்ன?

ஜெறோம் கண்ணாடியை இறக்கி
மூன்று விரலைக் காட்டினான்.

"சீட் இருக்கு," என்றான் கொண்டக்டர் சிங்களத்தில்,
"ஏறுங்க."