புள்ளி உதிர்ந்த மனு

திங்கட்கிழமை, பத்தே முக்கால்.
தருமபுரி கலெக்டர் ஆபீஸ் வாசலில்
ஒவ்வொரு பையாகத் திறந்து பார்க்கிறது போலீஸ்,
மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதா என்று.
எதிர்ச்சாரியில் என் கடை.
மனு சொல்லச் சொல்ல அடித்துத் தர ஐம்பது,
ஜெராக்ஸ் ரெண்டு ரூபாய்.

முதல் தாளில் புள்ளிகள் மட்டும் காணோம்.
'சமபளம வழஙகவிலலை' என்று வந்தது.
ஓலையில் இப்படித்தான் எழுதினார்களாம்,
படிக்கிறவர் புள்ளியைத் தானே வைத்துக்கொள்வார்.
மனு வாங்கும் கிளார்க் வைத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் தாளில் கொம்பும் காலும் போயின.
மாட்டுச் சந்தை என்றால் பேரமே படியாது.
மூன்றாம் தாள்
வெள்ளை.

பச்சை விளக்கு எரிகிறது.
பேப்பர் சிக்கவில்லை.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
ஹெட் கிளீனிங் கொடுத்தால்
கரகரவென்று தொண்டையைச் செருமி
ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டது.
நாஸில் செக்கில் படிக்கட்டாய் இறங்க வேண்டிய கோடுகளில்
மஞ்சள் நாலு படி, நீலம் அரைப் படி,
கருப்பு வீட்டுக்கே வரவில்லை.
தொட்டியிலோ முக்கால்வரை மை.
அதுதான் எரிச்சல்.
தீர்ந்திருந்தால் வாங்கி ஊற்றிவிடலாம்.

சென்றாயன் நகரவில்லை.
பாப்பாரப்பட்டி தாண்டி ஏதோ ஊர்,
என் விரலால்தான் அடித்தேன், அதற்குள் மறந்துவிட்டது.
ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர்.
போர் தண்ணி குடித்துப் பழுப்பேறிய பல்.
ஏழு மாதச் சம்பளம் பாக்கி.
பன்னெண்டரைக்கு மேல வாங்க மாட்டாங்க என்று
மூன்று முறை சொன்னவர்
நான்காம் முறை வாய் திறக்காமல்
மெஷினுக்குப் பக்கவாட்டில் குந்தினார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் 'பிரிண்ட் ஆகிக்கொண்டிருக்கிறது' என்று இருந்தது.
அவர் டியூபைப் பார்த்தார்.

'ஏம்மா, தொட்டியில இருக்குது.
இதுல காத்துதான் நின்னுக்கினு இருக்குது.
வால்வு எங்க வெச்சிருக்கறான்?'

வால்வு.
சனிக்கிழமை ராத்திரி
நாலு ரோட்டிலிருந்து கடையை இங்கே மாற்றினோம்.
டாடா ஏஸ் குலுக்கலில் மை கொட்டக் கூடாதென்று
மச்சானை நம்பாமல்
நானே, என் கையால்,
கட்டைவிரல் அகலச் சாம்பல் குமிழைத் திருகி வைத்தேன்.
அதை மட்டும் மறந்துவிட்டு
இரண்டு மணி நேரமாக இல்லாத வைரஸைத் தேடியிருக்கிறேன்.

திருப்பினேன். டக்.
மவுஸை நோக்கிப் போன கையை அவர் தடுத்தார்.
'ஒடனே அடிக்காத. லைன் ரொம்பட்டும்.'

காற்று குமிழி குமிழியாக விலக
கருப்பு, எறும்பு வரிசைபோல் ஏறியது.
காத்திருந்தபோது சொன்னார்,
ஒருமுறை எவனோ மெயின் வால்வைப் பூட்டிவிட்டு
கல்யாணத்துக்குப் போய்விட்டானாம்.
ரெண்டு நாள் குடத்தோடு நின்று
ஊர் மொத்தமும் ஏசியது இவரைத்தானாம்.

பன்னிரண்டு பத்துக்கு
ஒரு மெய்யும் குறையாமல் தாள் வந்தது.
ஊதினார், மடித்தார்,
'காசு அப்புறம்' என்றபடி லாரிக்கு முன்னால்
ரோட்டைக் கடந்தார்.
என் நகக்கண்ணில் கருப்பு வியாழன்வரை இருந்தது.

அடுத்த மாதம், இன்னொரு திங்கள்.
வந்ததும் குமிழைத்தான் முதலில் பார்த்தார்.
பழைய ஐம்பதை மேசையில் வைத்தார்.
'அந்த ஃபைல் இருக்குதா?'

இருந்தது.
ஊர், பெயர், அய்யா, அம்மா,
எதையும் தொடவில்லை.
தேதியை மாற்றினேன்.
ஏழை அழித்து
எட்டு என்று அடித்தேன்.
பிரிண்டர் ஒரு புள்ளியும் விடவில்லை.