செவ்வாய்க்கிழமை நான் தமிழில் செத்தேன்

சோஹாரில் என் வேலை சாவது.
விசாவில் எலெக்ட்ரீஷியன் என்று போட்டிருக்கும்,
அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நர்சிங் கல்லூரி, இரண்டாம் மாடி.
கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நான், மைக், ஆறிப்போன சுலைமானி.
அந்தப் பக்கம் ரப்பர் தோலோடு ஒருத்தன் படுத்திருக்கிறான்.
அவன் நாடி என் கையில்.
அவன் உதட்டில் நீலம் ஏறுவது
என் ஆள்காட்டி விரல் நகர்வதால்.

ஞாயிறு மாரடைப்பு.
திங்கள் புகை குடித்த நுரையீரல்.
வாரம் தவறாமல் பிழைக்கவும் செய்கிறேன்,
மருந்தின் அளவு சரியாக இருந்தால்.
அரபியில் எனக்குத் தெரிந்தது ஏழு சொல்.
எல்லா வியாதியையும்
அந்த ஏழு சொல்லுக்குள்தான் முனகுவேன்.

செவ்வாய்க் காலை பத்ரியா மேடம் வந்தார்:
"இன்று இவன் துறைமுகத்துக் கூலி.
அரபி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது.
உன் பாஷையில் பேசு, என்ன வேண்டுமானாலும் பேசு.
அவர்களுக்குப் புரியக் கூடாது.
அதுதான் இன்றைய பாடம்."

என்ன வேண்டுமானாலும்.

பொத்தானை அழுத்தி
நெஞ்சு இறுக்குது என்று ஒழுங்காகத்தான் தொடங்கினேன்.
அப்புறம் வாய் தன் பாட்டுக்குப் போனது.
"தாடை வலிக்குதும்மா.
பல்வலின்னு நெனச்சேன். ஃபோர்மேனும் அப்படித்தான் சொன்னான்.
கிராம்பு கடிச்சேன். ரெண்டு பனடால் போட்டேன்..."
இது நானில்லை.
மேல்கட்டில் முத்திருளன்.
கீழ்க்கட்டிலில் நான்
காதில் இயர்போனோடு கிடந்தேன்.
ராத்திரி கம்பியில் ரெண்டு தடவை தட்டினானாம்.
திரும்பிப் படுக்கிறான் என்று நினைத்தானாம்
எதிர்க்கட்டில் பிகாரி.
இதையும் சொன்னேன், ரப்பர் வாய் வழியாக,
புரியாத எட்டுப் பெண்களிடம்.

ஏழு பேர் மானிட்டரைப் பார்த்தார்கள்.
ஷம்சா மட்டும் முகத்தைப் பார்த்தாள்.
மார்பில் விரல் வைத்தாள். "ஹினா?"
தோளில். "ஹினா?"
முழங்கையில், வயிற்றில்.
அவசரப்படவில்லை, நேரத்தையும் வீணாக்கவில்லை,
எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.
தாடையைத் தொட்டாள்.
"ஆமா" என்றேன்.
தலை திருப்பாமலே "ஈசிஜி" என்றாள்.

காதில் மேடத்தின் குரல்: "ஒன்பதாம் நிமிஷம். நிறுத்து."
நிறுத்தினேன்.
முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு.
ஆள் மாற்று. அட்ரினலின். விலகு.
மறுபடி முப்பது.
முக்காடு நழுவாமல் ஊசி குத்தியிருந்த ஒருத்தி
எண்ணிக்கையை உரக்கச் சொன்னாள், அரபியில்,
பதினேழில் குரல் கம்மியது.
என் திரையில் இரண்டு கட்டம்:
மீள்கிறான். மீளவில்லை.
ஷம்சாவுக்காக முதலாவதில் கை போனது.
"வேண்டாம்," என்றார் மேடம்,
"எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவன் போவான்.
இங்கேயே தெரிந்துகொள்ளட்டும்."
பத்து நாற்பத்திரண்டு என்று எழுதினார்கள்.

பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரம்.
வழக்கமாக எனக்கு அதில் வேலையில்லை.
"அவன் என்னவோ சொன்னான், தாடையைத் தொட்டதும்.
ஆமா. என்ன அது?"
மேடம் கண்ணாடியைத் தட்டினார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் போனேன்.
செத்தவன் எழுந்து வந்ததுபோல் பார்த்தார்கள்.
'எங்கே வலிக்குது' சொல்லிக்கொடுத்தேன்.
எட்டுப் பேனாக்கள்.
என் மொழி வலமிருந்து இடமாக
நடந்துபோவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னொன்று," என்றாள் ஷம்சா.
"நான் அடுத்த படுக்கைக்குப் போக வேண்டியிருக்கும்.
வலித்தால் என்னைக் கூப்பிடு, இதை எப்படிச் சொல்வது?"

தெரியும்.
சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள் ஒருத்தி.

புதன்கிழமை சர்க்கரை மயக்கம்.
அரபிதான்.
ஏழு சொல் போதும்.