முப்பத்தெட்டு சதவீதம்

கடலூர் முதுநகரில் இரும்பு துருப்பிடிக்க
ஒரு ஐப்பசி போதும்.
பதினொரு ஹார்டு டிஸ்க்குகளைப்
பனியன் துணியில் சுற்றி
எவர்சில்வர் டிரம்மில் அடுக்கி
மேலே பொன்னி அரிசி கொட்டியிருக்கிறேன்.
ரேஷன் அரிசி போட்டால் வண்டு வருகிறது.
பன்னிரண்டாவது மெஷினுக்குள்ளேயே சுற்றுகிறது.

மூடிய அன்று நாங்கள் நாற்பத்திரண்டு பேர்.
யார் முகமும் யாருக்கும் தெரியாது.
நண்டுவலை, மூணாம்பிளாட்பாரம், ராக்கோழி,
பெயரே வைக்காமல் வெறும் புள்ளி ஒன்று.
கடைசி ராத்திரி ராக்கோழி எழுதினான்,
எழுதினாளோ என்னவோ:
யார்ட்ட எடம் இருக்கோ அள்ளிக்குங்க.

என்னிடம் இருந்தது
ஐஸ் பேக்டரி கழித்துப்போட்ட கம்ப்யூட்டரும்
சீட்டுப் பணம் பதினெட்டாயிரமும்.
அள்ளினேன். ஒன்பது நாள் இறங்கியது.

விடிய விடியக் கூத்து, ஜெனரேட்டர் இரைச்சலோடு.
கடையே இல்லாத தீப்பெட்டிகளின் படங்கள்.
எட்டு வருஷத்து மீனவர் வானிலை அறிக்கை,
தினம் ஒன்று, ரேடியோ முன்னால் டேப்பை வைத்துப் பிடித்தது.
எதற்குப் பிடித்தார்கள்?
ஒன்றின் நடுவில் குக்கர் மூன்று விசில் விடுகிறது.
செருப்புச் சத்தம். அடுப்பு அணைகிறது.
காற்று வடகிழக்கிலிருந்து என்கிறது ரேடியோ.

நியாயமா என்று கேட்டால்
பாதி திருட்டு.
மீதிக்கு உரிமை கேட்க ஆள் இல்லை.
கீழ்வீட்டு நசீமா கரண்ட் பில்லைத்தான் கேட்டாள்.

மாதம் ஒரு ஞாயிறு அரிசியைக் கவிழ்த்து
ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பேன்.
அறுபத்துநாலு எழுத்தும் பொருந்தினால் உயிர்.
ஆறாவது டிஸ்க் இப்போது பல்லி மாதிரி கொட்டுகிறது.
புள்ளி விட்டுப்போன கோப்பு ஒன்று
இன்னும் திறக்கவில்லை.
முற்றுப்புள்ளியையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

திரையில்
அனுப்புபவர் 1, பெறுபவர் 0.
நாலு வருஷமாக 0.

போன வியாழன்
உப்பனாற்றில் படகுகள் இஞ்சின் எழுப்பும் நேரம்
பெறுபவர் 1.
எந்த ஊரோ. அந்த வானிலை அறிக்கைகளைத்தான் கேட்டது.
பத்து. இருபத்தாறு.
நாற்காலியை விட்டு எழவில்லை, தண்ணீர் வந்தும்.
முப்பத்தெட்டில்
கரண்ட் போனது. என் வீட்டில்.

வந்தபோது 0.

மறுநாள் சீட்டைத் தள்ளி எடுத்தேன், இன்வெர்ட்டருக்கு.
ஐயாயிரம் நஷ்டம்.

கோப்பு வரிசையாகப் போவதில்லை;
அங்கொன்று இங்கொன்றாய், கைக்கு வந்த துண்டு முதலில்.
அந்த முப்பத்தெட்டில் குக்கர் இருந்ததா,
காற்று மட்டும்தானா.