பதினேழு

பகல் பதினொரு மணி.
வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
கோழி லாரியின் டயருக்கு
மருந்தடித்துக்கொண்டிருந்தான் பிஜு.
அந்த ஈரத்தைச் சுற்றிக்கொண்டு
தார் விளிம்போடு போனது ஒரு முள்ளெலி.

இரவுப் பிராணி.
வெயிலில் நடக்கிறதென்றால்
இரவு எதுவென்று அதற்கு மறந்துவிட்டது.
கள்ளுஷாப்புப் பலகை நிழலில் நின்று
தும்மியது.
முள்ளெலி தும்மும் என்று
கால்நடைத் துறையில் ஒன்பது வருஷம் இருந்தும்
எனக்குத் தெரியாது.

கையுறையோடு தொட்டேன். சுருளவில்லை.

நாய்க்குச் சுருண்டது. கீரிக்குச் சுருண்டது.
ஜீப்புக்கும் சுருண்டதுதான், பாவம்,
அதில் போனவை நான் எண்ணியே பத்து.
இப்போது திறந்து கிடக்கிறது
மயிரில்லாத வயிறு,
வேகவைத்து உரித்த பனங்கிழங்கின் நிறத்தில்.
உள்ளே வந்துவிட்டதற்கு எதிராக
எந்தப் பக்கம் முள்ளை நிமிர்த்துவது?

மூக்கில் ஒரு குச்சி. வாயில் ஒரு குச்சி.
குழாயில் எழுதினேன்: 17.
மையின் ஈரம் காய்வதற்குள் அது போய்விட்டது.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
கொழிஞ்சாம்பாறை பஸ்.
பக்கத்தில் செங்கல் சூளை மரகதவல்லி,
தோளில் கக்குவான் பிடித்த பிள்ளை.
ஒவ்வோர் இருமல் முடிவிலும்
அது மூச்சை இழுக்கும்வரை
பஸ் மொத்தமும் காத்திருந்தது.

"மாட்டாஸ்பத்திரிக்காரம்மாதானே?
ஒரு முள்ளெலி முள்ளு கெடைக்குமா?
சுட்டுத் தேன்ல கொழைச்சுக் குடுத்தா நிக்குமாம்.
முன்னெல்லாம் சந்தையில தோலே தொங்கும்.
இப்ப யாரைக் கேட்டாலும் காணோம்ங்கறாங்க."

என் மடியில் ஆயிரக்கணக்கில் இருந்தன.
இல்லை என்றேன்.
தடுப்பூசி அட்டையைக் கேட்டேன்.
ஒரு கட்டம் தமிழ் மையில்,
ஒரு கட்டம் மலையாள மையில்,
மூன்றாவது வெறுமை.
"சூளை மாறிட்டோம்ங்க,
அந்தப் பக்கம், இந்தப் பக்கம்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவளை இறக்கிவிட்டேன்,
பெட்டி மூடியை அழுத்திப் பிடித்தபடியே.
பிள்ளையின் இருமல் நின்றதா, தெரியாது.
அதற்கு நான் எண் போடவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தாள் வந்தது:
தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை.
மேலும் மாதிரிகள் அனுப்பவும்.

மேலும்.

இப்போது பகலிலும் தேடுகிறேன்,
கடலைக் காட்டுக் கல்வரப்பில்,
வாய்க்கால் பாலத்தடியில், பனங்காட்டுப் புற்றோரம்.
ஒன்றும் தும்மவில்லை.
ஒன்றும் சுருளவுமில்லை.

மாத அறிக்கையில் கேட்கிறார்கள்,
நோயுற்றவை எத்தனை?
பூஜ்யம் என்று எழுதுகிறேன்.
எல்லாம் நலம் என்றாலும் பூஜ்யம்தான்,
எதுவும் இல்லை என்றாலும்.
படிவத்தில் இரண்டுக்கும்
ஒரே கட்டம்.