வீங்கிய கன்னத்து இலை

பம்பலப்பிட்டியில் எங்கள் பல் கிளினிக்குக்கு
ஜன்னல் ஒன்றுதான். அதையும் திறப்பதில்லை.
திறந்தால் காலி வீதி உள்ளே வந்து
கதிரையில் இருந்துவிடும்.

அந்த ஜன்னலுக்குக் கீழே, ஏசி சொட்டும் மூலையில்
பிகோனியா.
கொண்டுவந்து வைத்தவர் பெயர் பதிவேட்டில் இல்லை.
எனக்கு முன்னம் இருந்த மிஸ்ஸாக இருக்கலாம்.
டொக்டர் பெரின்பநாயகம் அதை
"அந்த வெத்திலை" என்பார்.
வெற்றிலை போடுகிறவர்களோடு அவருக்கு
முப்பது வருடப் பகை.

வெள்ளி பூசிய இலை.
ஓரத்தில், துவைத்தும் போகாத நாவல்பழக் கறை.
காம்பெல்லாம் சிவப்பு மயிர்.
நடு நரம்புக்கு ஒரு பக்கம் ஒடுங்கி
மறு பக்கம் புடைத்து,
ஒன்றுகூட நேராக முளைத்ததில்லை.

எதிரே வரிசையாக இருப்பவர்களும் அப்படித்தான்.
இடக்கன்னம், வலக்கன்னம்,
கைலேஞ்சியால் தாங்கிப் பிடித்த கன்னம்.
திங்கட்கிழமை காலையில்
யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றே தெரியாது.

இலையைத் திருப்பினால் முரசு.
ஈரச் சிவப்பு, நரம்பு எழும்பிய முரசு.
பல் மட்டும் இல்லை.

ஜூனில் ஒரு இலை குறைந்தது.
பிறகு செவ்வாய்க்குச் செவ்வாய் ஒன்று.
பூச்சி என்று நினைத்தேன்.
பூச்சி இவ்வளவு சுத்தமாகக் காம்பை நறுக்காது.
கூட்டித் துடைக்கும் சோமலதாவைச் சந்தேகப்பட்டு
இரண்டு நாள் அவளுடைய தேத்தண்ணீரில்
சீனியைக் குறைத்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவுமில்லை.

செவ்வாய், நாலரை மணி. எம். நிஸ்தார்.
கீழ்த் தாடை, இடப்பக்கம், வேர்ச் சிகிச்சை, நாலாம் தடவை.
உள்ளே மெஷின் யாரோ ஒருவரின் பல்லோடு
வாதாடிக்கொண்டிருந்த நேரம்
சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார்.
அறுத்த இலையை லைட்டுக்குப் பிடித்துப் பார்த்தார்,
டொக்டர் பார்ப்பதைப் போலவே, ஒரு கண்ணைச் சுருக்கி.
மடியாமல் எக்ஸ்ரே உறைக்குள் வைத்தார்.
அங்கே ஏற்கெனவே அவருடைய கடைவாய்ப் பல்
இரண்டு வேரோடு படமாகப் படுத்திருந்தது.

"அடுத்தது நீங்கள்" என்றேன்.
சொல்ல நினைத்தது வேறு.

ஒக்டோபரில் அறைத் திறப்பைத் தொலைத்துவிட்டு
உடன் இருப்பவளின் திறப்பை இரவல் வாங்கிக்கொண்டு
வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் போனேன்.
குடை விரித்த அளவு ஒரு கடை.
பலகை நிறைய ஆணிகள்; ஆணிகளில்
இன்னும் பல் முளைக்காத திறப்புகள்.
அவற்றின் கீழே, பாதியில் அறுத்த சோடாப் போத்தல்களில்
ஈர மணல்.
மணலில் என் இலைகள்.

நரம்பு நரம்பாகக் கீறி
குண்டூசி குத்திப் படுக்கவைத்திருந்தார்.
கீறிய ஒவ்வொரு இடத்திலும்
பச்சரிசிக் குறுணி அளவில் ஒரு இலை.
அந்த அளவிலேயே ஒரு கன்னம் வீங்கி.

என் அறை கடலைப் பார்த்தது.
உப்புக் காற்றில் கற்றாழைகூடக் கருகிற்று.
எட்டு வருடமாக, வேர் பிடுங்கும் இடத்தில் வேலை.
வேரே இல்லாத ஒன்று
வெட்டுப்பட்ட வாயால் வேர் விடும் என்று
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நிமிர்ந்தவர் என்னைக் கண்டதும்
கை தானாகக் கன்னத்துக்குப் போனது.
வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது.

"டொக்டருக்குச் சொல்ல வாணாம் மிஸ்."

பிறகு மெஷினைப் போட்டார்.
பொறி பறக்க, திறப்புக்குப் பல் வந்தது.
"முன்னூத்தம்பது" என்றார்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

புதுத் திறப்பு கொஞ்சம் முரடு.
இடப்பக்கம் சாய்த்து, ஒரு தரம் தூக்கித்தான்
கதவைத் திறக்கவேண்டும்.

இன்றைக்குச் சாடியைக்
கதிரைகள் பக்கம் திருப்பி வைத்தேன்.
சோமலதாவுக்குச் சீனி இரண்டு கரண்டி.
செவ்வாய், நாலரை மணி, வேறு பெயர்.
புதிதாக ஒரு கன்னம்
இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.